பங்கு போட்ட குளிசை

என் தமையனுக்கு வந்தது மெதுவாக வளரும் வகை இரத்தப் புற்றுநோய். மண்டைதீவில் அவருடைய வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. "இரத்த வருத்தம்" என்பார்கள். கடலால் வந்து சாப்பிட்டதும் தினமும் ஒரு குளிசை, நிறையத் தண்ணீருடன். மற்றப்படி அவர் வலை இழுத்தார், எஞ்சினைக் கழற்றிப் பூட்டினார், பகிடி விட்டார். பார்ப்பவர்களுக்கு அவர் நோயாளியாகத் தெரியவில்லை.

அந்தக் குளிசை என்ன செய்கிறது என்பதைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் எங்களுக்கு விளக்கியிருந்தார். நான் பத்திரிகையில் வேலை செய்பவள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது என் பழக்கம். அண்ணையின் இரத்தத்தில் பிழையான நொதியம் ஒன்று இருக்கிறது. அது ஓய்வில்லாமல் வேலை செய்து, வெண்குருதிக் கலங்களைப் பெருகச் செய்துகொண்டே இருக்கும். அந்த நொதியத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அதற்குச் சக்தி கொடுக்கும் பொருள் அங்கேதான் வந்து அமரும். குளிசை முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் நொதியம் நின்றுவிடும்.

"அப்ப நிப்பாட்டேலாத எஞ்சின் ஒண்டு உள்ளுக்க ஓடுது. நீங்கள் எண்ணெய் போற குழாயை அடைச்சு வைச்சிருக்கிறியள்," என்றார் அண்ணை.

"ஓம், அப்பிடித்தான். அடைப்பை எடுத்தா அது திருப்பி ஓடும்."

"என்ர எஞ்சின் அடைக்காமலே நடுக்கடலில நிண்டுபோகுது, டொக்டர்."

டொக்டர் சிரித்தார். பிறகு, சில வேளைகளில் அந்தப் பள்ளத்தின் வடிவமே மாறிவிடும் என்றார். மாறினால் குளிசை அங்கே பொருந்தாது. வேறு மருந்து தேடவேண்டி வரும். எல்லா மாற்றத்துக்கும் மருந்து இருக்கிறது என்றும் இல்லை.

பல காலம் கட்டுக்குள் இருந்த கலங்களின் எண்ணிக்கை இந்த வருடம் கூடத் தொடங்கியது. முதலில் சிறிது. அடுத்த கிளினிக்கில் இன்னும் கொஞ்சம்.

"குளிசை ஒழுங்காப் போடுறீரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்," என்றார் அண்ணை.

நொதியம் மாறிவிட்டதா என்று பார்க்க இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வந்ததும் எனக்கு ஃபோன் எடுப்பதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அலுவலகத்தில் என் ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கைவேலையை விட்டுவிட்டு இலக்கத்தைப் பார்த்தேன். மண்டைதீவில் அண்ணையின் மனைவி, என் மச்சாள், விடிந்ததும் அண்ணையின் தலையணையைத் தடவிப் பார்த்தார். நோய் முதலில் வந்தபோது இரவில் வியர்த்துத்தான் காட்டிக்கொடுத்தது. தலையணை காய்ந்திருந்தால் அன்றைக்குச் சமையல் நடக்கும். வெயில் நாட்களில் அது காய்ந்திருக்காது. நோயா வெயிலா என்று அவருக்குத் தெரியாது. என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டைதீவில் பூசை முடிந்து வெளியே வந்தபோது அண்ணையின் கூட்டாளியைக் கண்டேன். இருவரும் ஒரே படகில் நெடுங்காலம் தொழில் செய்தவர்கள். பல்லுவலி, காய்ச்சல் என்று அவர் கடலுக்குப் போகாமல் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. நான் பார்த்தது கன்னத்தை அல்ல. இரண்டு கண்ணிமைகளும் நீர் கோத்து, பை போலத் தொங்கின. அந்த வீக்கம் எனக்குப் பழக்கமானது. அண்ணையின் குளிசை அதைக் கொண்டுவரும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். பல காலமாக அண்ணையின் முகத்தில் அதைப் பார்த்தே வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். அண்மையில் அண்ணையின் இமைகள் வற்றியிருந்தன.

"கண்ணில என்ன?" என்று கேட்டேன்.

"கடல் காத்து, தங்கச்சி," என்றார் கடலுக்குப் போகாதவர்.

அண்ணையின் வீட்டுக்கு வந்து குசினியில் மச்சாளுக்கு முன்னாலேயே அண்ணையிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தன் குளிசையை ஒருநாள் தானும் அடுத்தநாள் கூட்டாளியும் போடுவதாகச் சொன்னார்.

"அவனுக்கு வாயுக்க கான்சர். எனக்கு மட்டும்தான் சொன்னவன். ஆஸ்பத்திரிக்குப் போனா நாக்கை வெட்டிப்போடுவாங்களாம். படகில வர ஏலாமல் கரையில கிடக்கிறவனுக்கும் பங்கு குடுக்கிறம்தானே. உதுவும் கான்சர் குளிசைதானே."

மச்சாள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "மீனும் குளிசையும் ஒண்டோ? நான் தலையணையைத் தடவித் தடவிச் சாகிறன். நீங்கள் பங்கு பிரிக்கிறியள்."

"எனக்கு ஒரு குறையும் இல்லையப்பா. சுகமா இருக்கிறவனுக்கு ஏன் முழுக்க?"

சுகமாக இருந்தது குளிசையால்தான் என்றேன். அந்த நொதியம் கூட்டாளியின் வாயில் இல்லை, அவருடைய புண்ணுக்கும் இந்தக் குளிசைக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவர் மாதக்கணக்காக விழுங்கியது வீக்கத்தை மட்டுமே கொடுத்தது என்றேன்.

"அவனுக்கு நோவு குறைஞ்சதெண்டு சொன்னவன்," என்றார் அண்ணை.

அடுத்த நாள் நாலுபேரும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். கூட்டாளியைக் கிளப்புவது சுலபமாக இருக்கவில்லை. "நாக்கை எடுத்தா நான் ஆரோட கதைக்கிறது?" என்று மூன்று நான்கு தரம் கேட்டார். அண்ணை அவருடைய சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தார். "நீ கதைச்சுக் கிழிச்சது போதும், வா."

கூட்டாளியின் வாயைப் பார்த்தவர்கள் அவரைத் திரும்பிப் போக விடவில்லை. வாட்டில் சேர்த்தார்கள். கிளினிக்கில் அண்ணை தானாகவே சொன்னார்: "ஒண்டுவிட்டு ஒருநாள்தான் போட்டனான்." டொக்டர் சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மருந்து குறைவாகப் போன காலத்தில் நொதியம் மாறுவதற்கு வாய்ப்புக் கிடைத்திருக்கலாம், இனித் தினமும் போடவேண்டும், கொழும்பிலிருந்து முடிவு வரும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார்.

முடிவு வந்தபோது நான் ஒரு செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மாற்றம் எதுவும் இல்லை. ஒழுங்காகப் போட்டால் பழைய குளிசையே வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். மறுமுனையில் பேசியவரை இரண்டாம் தரமும் சொல்லவைத்தேன். பிறகு மண்டைதீவுக்கு எடுத்தேன். மச்சாள்தான் பேசினார். சொன்னேன்.

சந்தோஷம் என்றோ ஆண்டவரே என்றோ அவர் சொல்லவில்லை.

"அண்ணை கூட்டாளியைப் பாக்க வாட்டுக்குப் போயிட்டார்," என்றார். "அந்தாளுக்குக் கான்சர் கழுத்துக்கும் இறங்கீற்றுதாம். முந்தியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் எண்டு டொக்டர்மார் கதைச்சதை இவர் கேட்டிட்டார். நேற்றையில இருந்து சாப்பிடேல்லை. வெறும் வயித்தில குளிசை போடக்கூடாதெண்டு கையில வைச்சுக்கொண்டு இருந்தவர். இண்டைக்குப் போட்டாரோ எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை."