தோப்புக் கிணற்றுக்குப் போன கட்டுகள்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று. மணிமேகலை நாகல் நகருக்குப் போகும் ஆட்டோவில் இருந்தாள். மடியில் இரண்டு காலி அட்டைப்பெட்டிகள், காலடியில் சணல்கயிறு, பூச்சி அண்டாமலிருக்க ஒரு பொட்டலம் வசம்பு. இறந்துபோன தோழி ஷாஹினா விட்டுப்போன பழைய கையெழுத்துக் கட்டுகளை எடுத்துவரக் கிளம்பியிருந்தாள். வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல, ஷாஹினாவைக் 'குப்பி' என்று அழைக்கும் அவள் அண்ணன் மகன் ஃபாரிஸுக்குப் போன் போட்டாள்.

"அந்த அரபிக் கட்டுகளா டீச்சர்? அதையெல்லாம் மரியாதையாக் கிணத்துல எறக்கியாச்சே. நாப்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்ணணும்ல."

ஒரு நல்ல காரியத்தைக் குறைவில்லாமல் முடித்தவனின் நிம்மதி அவன் குரலில் இருந்தது. அந்த நிம்மதியை மணிமேகலையால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஷாஹினா திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "மாப்பிள்ளை வந்துட்டா கட்டுகளை எங்க வைக்கிறது?" என்பாள். இடிக்கப்போகும் வீடுகள், தோல் மண்டிக்காரர்களின் பரண்கள், பூட்டிக்கிடந்த அலமாரிகள் என்று ஏறி இறங்கி, அரபுத்தமிழ்க் கையெழுத்துகளைக் கேட்டு வாங்கினாள். எழுத்து அரபி, பேச்சு தமிழ். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படி எழுதுவது சாதாரணம். அவள் சேர்த்த கட்டுகளில் தாலாட்டு இருந்தது. குதிரை வைத்தியம் இருந்தது. ஹஜ்ஜுக்குக் கப்பலேறிய ஒருவர் வழியெல்லாம் வாந்தி எடுத்ததைப் பற்றிய குறிப்பு இருந்தது. பழனிப் பாதையில் நடந்துபோகிறவர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்த ஒரு பக்கீரைப் பற்றிப் பெண்ணொருத்தி கட்டிய பாட்டும் இருந்தது. இவற்றைப் பற்றி ஷாஹினா எழுதிய கட்டுரைகளைக் கருத்தரங்குகளில் கைதட்டிக் கேட்டார்கள். கட்டுகளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அதே கல்லூரியில் தமிழ் நடத்தியவள் மணிமேகலை. அவளுக்கு அரபி எழுத்து தெரியாது. ஷாஹினாவுக்குச் செய்யுளில் அடி பிரிக்க வராது. ஆகவே ஷாஹினா வாய்விட்டுப் படிப்பாள், மணிமேகலை கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுவாள்.

"அங்க எதுகை இடிக்குதுடி. ஒழுங்காப் படி."

"கட்டினவ மவுத்தாகி நூறு வருசமாச்சு. அவகிட்டப் போயிச் சொல்லு."

ஓய்வு பெற்ற வருடம் கட்டுகளைக் கல்லூரி நூலகத்துக்கே கொடுத்துவிட ஷாஹினா விரும்பினாள். விலையும் பதிப்பகமும் இல்லாத சரக்குக்கு எண் கொடுக்க முடியாது என்றார் நூலகர். "பிடிஎஃப் ஆக்கிக் குடுத்துடுங்க மேடம், அது போதும்" என்றார் முதல்வர். பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் பொன்னாடையில் ஒரு கட்டைச் சுற்றிவைத்தாள் ஷாஹினா.

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றதும் மணிமேகலை பெட்டிகளோடு உள்ளே போனாள். ஃபாரிஸின் அம்மா குர்ஷித் பேகம் தேநீர் கொண்டுவந்தாள். மணிமேகலை தொடவில்லை.

"எதைத் தம்பி எறக்குனே?"

"குப்பி வச்சிருந்த ஓதுற கிதாபுகளைத்தான். கைகால் கழுவி ஒளூச் செஞ்சு, புது வெள்ளைத் துணி வாங்கிச் சுத்தி, கல்லுக் கட்டி, சிறுமலை ரோட்டுல நம்ம தோப்புக் கெணத்துல விட்டேன். கிழிஞ்ச கிதாபைக் குப்பையில போடக் கூடாதுல்ல டீச்சர்? ஒரு தாளு தரையில விழல."

"அதுல குதிரைக்கு வயித்துவலி வந்தா என்ன குடுக்கணும்னு எழுதியிருந்துச்சுடா!"

ஃபாரிஸ் அம்மாவைப் பார்த்தான். "அரபியில இருந்துச்சே..."

"நீ ஓதத் தெரிஞ்சவன்தானே? ஒரு வரி, ஒரே ஒரு வரி வாய்விட்டுப் படிச்சிருந்தா உன் காதுக்கே தெரிஞ்சிருக்குமே, இது தமிழுன்னு!"

"முதத் தாள்ல பிஸ்மில்லாஹ் இருந்துச்சு, டீச்சர். அதைப் பாத்துட்டு முத்தம் குடுத்து மூடிட்டேன். எல்லாக் கட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கும். குதிரை வைத்தியத்தையும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்கினார்கள்.

"புள்ள என்ன திருடவா செஞ்சான், டீச்சரம்மா?" என்றாள் குர்ஷித் பேகம். "அல்லாவுக்குப் பயந்து செஞ்சான்."

"திருடியிருந்தாத் தேவலை அக்கா. எவன்கிட்டயாச்சும் இருக்கும்."

ஃபாரிஸ் எழுந்து பைக் சாவியை எடுத்தான். மணிமேகலை அதே ஆட்டோவில் அவன் பின்னால் போனாள்.

தோப்பில் தென்னைகளுக்கு நடுவே கிணறு. காவல்காரர் முருகேசனிடம் பாதாளக் கரண்டி இருந்தது. ஃபாரிஸே கயிற்றைப் பிடித்தான். வெயில் தாழுமட்டும் துழாவினான். ஒரு பிளாஸ்டிக் குடமும் மோட்டாரின் பழைய குழாயும் வந்தன. பிறகு ஒரு கட்டு வந்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. பிரித்தபோது உள்ளே ஊறிய களிபோலத் தாள். விரல் வைத்த இடம் விரலோடு வந்தது. மை முழுக்கக் கரைந்திருந்தது. ஃபாரிஸ் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதான்.

"சொல்லியிருக்கலாமே டீச்சர். குப்பி எங்ககிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

அது உண்மை. மணிமேகலைக்கு அதுதான் கூடுதல் ஆத்திரம். முருகனைக் கும்பிடப் போகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பக்கீரின் பாட்டைச் சொந்தக்காரர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று ஷாஹினா மாடி அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். மேடைக்கு மேடை பேசியவள், கீழே சோறு சாப்பிட உட்காரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தாலாட்டைப் பாடிக் காட்டியிருந்தால் குர்ஷித் பேகமே அந்தக் கட்டுகளுக்குக் காவல் இருந்திருப்பாள். செத்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். மணிமேகலை திட்டினாள். கிணற்றடியில் நின்று, முருகேசன் கேட்க, வாய்விட்டுத் திட்டினாள். ஃபாரிஸ் அழுதுகொண்டேயிருந்தான். அவனை அவள் தேற்றவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஃபாரிஸ் மாடி அறையைத் திறந்துவிட்டான். அச்சடித்த கட்டுரைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆங்கிலமும் தமிழ் எழுத்துமாக இருந்ததால் அவற்றுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போக மூட்டையாகக் கிடந்தன. மணிமேகலை இரண்டு பெட்டிகளையும் அவற்றால் நிரப்பினாள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில், 'மூலப்பிரதி கட்டுரையாளர் வசம் உள்ளது' என்று அச்சாகியிருந்தது. கல்லூரியிலிருந்து அடுத்த வாரம் நினைவுக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். "மேடத்தோட அந்த ஓலைச்சுவடி ஏதாவது இருந்தா மேடையில வைக்கலாம்" என்றார்கள். காகிதத்துக்கும் ஓலைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிட்டாள். கூட்டத்துக்குப் போகவில்லை.

பக்கீர் பாட்டில் மணிமேகலை தன் கையால் எழுதிய பகுதி மட்டும் அவளிடம் இருக்கிறது. கடைசியாக இருவரும் உட்கார்ந்த அன்று மாலை கரண்ட் போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாள் ஷாஹினா. வழிப்போக்கர்கள் பந்தலில் பக்கீரிடம் பெயர் கேட்கும் செய்யுளில் மூன்று அடிகள் எழுதியாகிவிட்டன. அவர் பதில் சொல்லும் நாலாவது அடி எழுதவில்லை.