எங்கள் நாயின் தவக்காலம்

நான்கு பேர் நோன்பிருந்து ஒரு நாயைக் கொழுக்க வைத்த வீடு எங்களுடையது. எங்கள் ஏரியா லிங்கராஜபுரத்தில் நான் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசும் பெண்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அதுவே அவர்களுக்கு அதிகம்.

நாய் பாதி ஸ்பிட்ஸ், மீதி எங்கள் தெரு. எட்டு வயது. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். காலேஜில் படிக்கும் என் மகளையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கூப்பிட்டால் முதலில் வருவது நாய். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்பு அவளைக் குளிப்பாட்டும்போது வயிற்றடியில் ஒரு கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. எலுமிச்சை அளவு இருக்கும். சோப்பு நுரையோடு அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாய் டாக்டர் கன்னடக்காரம்மா. எங்களிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். "எடுத்துடலாம் மேடம், பயப்படாதீங்க. ஆனா பதினெட்டு கிலோ இருக்கா. இந்த வெயிட்ல மயக்க மருந்து குடுக்க எனக்கே பயம். ரெண்டு கிலோ குறைச்சுக் கூட்டிட்டு வாங்க, ஈஸ்டர் முடிஞ்சதும் ஆபரேஷன்" என்றார். ஒரு சின்னக் கப்பைக் கையில் கொடுத்து, காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப் நாய்த்தீனி, அவ்வளவுதான் என்றார். "மனுஷங்க சாப்பாடு பேடா, வேணாம். ஒண்ணுமே பேடா."

நான் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் இருபது வருஷம் பிட்டு பிடித்த கண் என்னுடையது. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்: பாப்பாவுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. மாமனார், வீட்டுக்காரர், மகள் மூவரையும் நிற்கவைத்துப் படிக்கச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டியை நினைத்து என் வீட்டுக்காரருக்குக் கண்கூடக் கலங்கியது.

அதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பிரியமான தீனியை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடுவது வழக்கம். மாமனார் சாயங்காலம் குடிக்கும் நாட்டுச்சர்க்கரைப் பாலை விட்டார். வீட்டுக்காரர் முனை பேக்கரியின் பெண்ணெ பிஸ்கட்டை விட்டார். கன்னடத்தில் பெண்ணெ என்றால் வெண்ணெய், வாயில் வைத்தால் அப்படியே கரையும், அவருக்கு அதுதான் உயிர். மகள் முட்டை பஃப்ஸை விட்டாள். நான் தயிரை விட்டேன். தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பதால், நால்வரில் என் தியாகமே பெரியது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

சாம்பல் புதன் பூசையில் ஃபாதர் நல்ல பிரசங்கம் வைத்தார். விட்டதை மிச்சம் பிடித்துப் பெட்டியில் போடாதீர்கள், அதையே பசித்த ஒரு ஜீவனுக்குக் கொடுங்கள் என்றார். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று அவர் இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். மாமனாருக்குப் பால் காய்ந்தது, பேக்கரியில் பிஸ்கட் வாங்கியாயிற்று, மகள் பையிலிருந்து பஃப்ஸ் வாசனை வந்தது. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் கையேந்துபவர்களுக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐந்து வாரத்தில் எங்கள் நால்வருக்கும் கன்னம் ஒட்டிவிட்டது. பாப்பா மட்டும் கதவிடுக்கில் நுழைய ஒருக்களித்தாள். முடி அடர்த்தியாகிவிட்டது என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் டாக்டரிடம் போனோம். எடை மேடையில் பாப்பா சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தாள். பத்தொன்பதரை கிலோ.

டாக்டர் எடையை இன்னொரு தரம் பார்த்தார். கட்டியை அழுத்திப் பார்த்தார். "நிஜா ஹேளி மேடம்" என்றார், உண்மையைச் சொல்லுங்கள் என்று. எனக்குக் காது சுட்டது. இருபது வருஷம் பிள்ளைகளைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது. "கட்டி வளருது. ஆபரேஷனைத் தள்ளிப்போடுறேன். ஒரு மாசத்துல எடை குறையலேன்னா அப்புறம் என் கையில இல்ல."

பாப்பாவோடு நேரே வீட்டுக்கு வந்தேன். அடுப்படிக்குப் பின்னால் மாமனார் கிண்ணத்தோடு குனிந்து நின்றார். பால். நாட்டுச்சர்க்கரை போட்டது. பாப்பா என் கையை உதறிக்கொண்டு நேராக அங்கே ஓடினாள். கையும் களவுமாகப் பிடித்தேன்.

"மாமா! இதுக்கா கொடுத்தீங்க?"

"பசிச்ச ஜீவனுக்குன்னுதானம்மா ஃபாதர் சொன்னாரு" என்றார், திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி முழித்துக்கொண்டு. "ஒரே ஒரு கப்பு தீனியில அது எப்படிம்மா இருக்கும்?"

நான் போட்ட சத்தத்தில் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சட்டைப் பையைப் பாப்பா மோந்து பார்த்ததே சாட்சி. நாலே நாலு பிஸ்கட் என்றார். மகள், "ஸ்வல்பம்தான் மம்மி, மேல்தோல் மட்டும்" என்று ஆரம்பித்து, முட்டையும்தான் என்று அழுகையோடு முடித்தாள்.

நான் விட்டேனா? அந்த நோயாளி ஜீவனைக் கொல்லப் பார்க்கிறீர்களா, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கிறதா, நான் ஒருத்திதான் இந்த வீட்டில் அவளுக்காகக் கவலைப்படுகிறேனா என்று பிரசங்கம் வைத்தேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது மகள் மெதுவாகக் கேட்டாள்.

"மம்மி, நீங்க விட்ட தயிர் எங்க போச்சு?"

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஸ்கூல் விட்டு வந்து டிபன் பாக்ஸைக் கழுவுமுன், மிஞ்சிய சோற்றில் என் பங்குத் தயிரைப் பிசைந்து தினமும் ஒரு கை தயிர்சோறு அவளுக்கு வைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது தப்பென்று எனக்குத் தோன்றவே இல்லை. தயிர்சோறு எப்படி மனுஷச் சாப்பாட்டில் சேரும்? வயிற்றுக்குக் குளிர்ச்சி, மருந்து மாதிரி. நான்கு பேரும் பாப்பாவைப் பார்த்தோம். அவள் நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலாட்டினாள். இன்னும் யாரும் எதுவும் வைக்கவில்லையே என்று.

நாற்பது நாள் நோன்பு எங்களுக்கு ஏன் வலிக்கவே இல்லை என்று அன்றுதான் புரிந்தது. நாங்கள் எதையும் விட்டுவிடவில்லை. அவள் சாப்பிடுவதைப் பார்க்கும் சுகத்தைத் தினமும் அனுபவித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் உண்மையான தவக்காலம் ஈஸ்டர் அன்று தொடங்கியது. மட்டன் பிரியாணி மணக்க மணக்க மேசையில் இருந்தது. பாப்பா என் கால்மேல் தாடையை வைத்து, எதுவும் கேட்காமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டார். மாமனார் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அப்புறம் நாங்கள் நால்வரும் மாடித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, திருட்டுத்தனமாக, சொந்தப் பிரியாணியைச் சாப்பிட்டோம். கீழே அவள் கதவைப் பிராண்டும் சத்தம் கேட்டது. பண்டிகைச் சாப்பாடு அவ்வளவு கசந்தது எனக்கு அதுவே முதல்முறை.

ஒரு மாதத்தில் பதினாறே கால் கிலோவுக்கு வந்தாள். ஆபரேஷன் முடிந்து கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்தவள், ஒருநாள் முழுக்கக் கண்ணைத் திறக்கவே சலித்துக்கொண்டாள். நாய்த்தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. எங்களுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன். "சரி மேடம், இன்னைக்கு மட்டும் தயிர்சோறு. ரெண்டு ஸ்பூன். ரெண்டே ரெண்டு" என்றார்.

கையில் குழைத்து முதல் ஸ்பூனை நீட்டினேன். நக்கினாள். இரண்டாவதையும் நக்கினாள். காலியான கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பழைய பார்வை, இவ்வளவுதானா என்று. பிழைத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் நம்பினேன். எனக்கு அழுகை பொங்கியது. பின்னால் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது ஸ்பூனை நான் வைக்கவில்லை.