ஜெயபாரதி வண்டி எடுத்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலையில் வண்டி கழுவுவது ஜெயபாரதியின் வேலை. பஹ்ரைனுக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் வேறு யாரும் அந்த வாளியைத் தொட்டதில்லை. குதைபியா ஃப்ளாட்டின் நான்காம் மாடியிலிருந்து அரை வாளித் தண்ணீரும் கிழிந்த பனியனுமாக இறங்குவாள். வாரம் முழுக்கப் படிந்த மணலை வழித்தெடுப்பதற்குள் பனியன் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அவள் கணவர் கல்யாணசுந்தரம் பால்கனியில் நின்று, "பின் கண்ணாடி" என்பார். அதை அவள் துடைத்து முடித்திருப்பாள்.

அன்று வாளியை ஓரமாக வைத்துவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள். மறுநாள் ஞாயிறு, அந்த ஊரில் வாரத்தின் முதல் வேலை நாள். காலை ஆறரைக்கு ஈஸா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். இயற்பியல் லேப் அசிஸ்டெண்ட். அதற்கு முன்னால் ஒருமுறை பாதையை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முந்தின நாள் அவர் கொடுத்த புதுச் சாவியைப் போட்டுத் திருகினாள். இன்ஜின் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. பிடிக்கவில்லை. நாலு தடவை திருகிவிட்டு, பேட்டரி இறங்கிவிடும் என்று நிறுத்தினாள்.

அவள் திருச்சியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள். படித்ததெல்லாம் மகன் வருணுக்கு ஹோம்வொர்க் சொல்லிக் கொடுக்கத்தான் பயன்பட்டது. லைசென்ஸ் டெஸ்ட்டில் நாலு தடவை ஃபெயில். ஒவ்வொரு தடவையும் கல்யாணசுந்தரம் அவளை ஹோட்டலுக்குக் கூட்டிப் போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து அவர் தன் தோசையை ருசித்துச் சாப்பிட்டதை அவள் மறக்கவில்லை. அவள் விசாவுக்கு அவர்தான் ஸ்பான்சர். வேலைக்குப் போக ஆட்சேபனை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். லைசென்ஸ் எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியத்தில் கையெழுத்துப் போட்டுவைத்தார். ஐந்தாவது தடவை, இந்த வியாழக்கிழமை, அவள் பாஸ் செய்தாள். அன்று தோசை இல்லை.

அவர் கம்பெனி வேனில் ஆபீஸ் போகிறவர். வண்டி வாரத்தில் ஐந்து நாள் பகல் முழுக்கக் கீழே சும்மாதான் நின்றது.

"ஆக்சிலேட்டர போட்டு மிதிச்சிருப்பே," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி வந்தார்.

"தொடவே இல்ல."

"பின்ன எப்படி? வியாழக்கிழமை ராத்திரி வரைக்கும் ஓடுன வண்டி."

நெய்னா முகம்மதுவுக்கு அவரே போன் போட்டார். ராமநாதபுரத்துக்காரர், சல்மாபாத்தில் ஒரு கேரேஜில் வேலை. லீவு நாளிலும் கூப்பிட்டால் வருகிற மனுஷர். வந்ததும் பானெட்டைத் திறந்தார். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, சாவியத் திருகுங்க" என்றார். இன்ஜின் சுற்றியது. பிளக்கில் பொறியே இல்லை.

"கரண்டு வரல சார். பொறி குடுக்குற காயிலா இருக்கும், இல்லன்னா இன்ஜினோட கம்ப்யூட்டர் பெட்டி. கட்டி இழுத்துக்கிட்டுப் போயிரலாம். பத்து நாளு ஆகும்."

"எடுத்துட்டுப் போங்க," என்றார் கல்யாணசுந்தரம். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஸ்கூலுக்குப் போன் பண்ணிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"வேண்டாம்ணே. இழுக்க வேண்டாம்," என்றாள் ஜெயபாரதி.

நெய்னா துணியில் கை துடைத்தபடி கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்கண்ணே. நல்லா சுத்துது, அப்ப பேட்டரி சரி. பின் சீட்டுக்குக் கீழ பம்ப் ஓடுற சத்தம் கேட்டேன், அப்ப பெட்ரோலும் போகுது. காயிலும் பெட்டியும் வியாழக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு. நடுவுல என்ன மாறுச்சு?"

"நடுவுல நீ பாஸ் பண்ணின," என்றார் கல்யாணசுந்தரம்.

நெய்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சாவியைச் செருகியதும் அது அணைந்துவிடும். டெஸ்ட்டுக்குப் படிக்கிற சாக்கில் வண்டியோடு வந்த புத்தகத்தை அவள் அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தாள். அதை எடுத்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, நெய்னாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கு இங்கிலீஷ் ஓடாதும்மா. நீங்களே சொல்லுங்க."

"சாவியோட கறுப்புத் தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்குமாம். அத வண்டி அடையாளம் கண்டுக்கலேன்னா, சுத்தும், ஆனா கரண்டு தராது. திருட்டுக்குப் பயந்து வச்சிருக்கான்." புதுச் சாவியை உருவிக் காட்டினாள். தலையும் வெறும் தகரம்தான். "இதுக்குக் கறுப்புத் தலையே இல்லையே."

நெய்னா சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "சாவியக் கேக்காம பெட்டியக் குத்தம் சொன்னேனே. இத எங்க சார் வெட்டுனீங்க?"

"கீழ கடையில," என்றார் கல்யாணசுந்தரம். "வண்டியோட வந்தது ஒரே ஒரு சாவி. ஒரிஜினல எப்படி வெளிய விடறது? பீரோல வச்சிருக்கேன்."

வேறெங்கே வைப்பார். பாஸ்போர்ட், டிகிரி சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரம் எல்லாம் பீரோவில். வெளியே நடமாடுவதெல்லாம் நகல்தான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஆறு வருஷமாக யாரும் நேரில் பார்த்ததில்லை.

அவர் மேலே போய்க் கொண்டுவந்தார். அவள் வாங்கித் திருகினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டி ஒரே பிடியில் கிளம்பியது.

"தங்கச்சி, ஸ்கூல் வேல பிடிக்கலேன்னா நம்ம கேரேஜுக்கு வந்திருங்க," என்றார் நெய்னா. டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அவள் ஈஸா டவுன் வரை போய்த் திரும்பினாள். ஒரு ரவுண்ட்அபௌட்டில் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. அடித்துக்கொள்ளட்டும் என்று தன் வரிசையிலேயே சுற்றி வந்தாள்.

படுக்கையறையில் பீரோ திறந்தபடி இருந்தது. கல்யாணசுந்தரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சாவிய இதுல வச்சிடு. சிப் வச்ச சாவி ஒண்ணு செய்யச் சொல்றேன், ரெண்டு வாரம் ஆகும்."

"தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாமலா?"

"சத்தியமா தெரியாது பாரதி."

அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மைதான் சொல்கிறார். "ஆனா வண்டி கிளம்பலேன்னதும் உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல."

அவர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்பத் தணிவான குரலில் சொன்னார். "நாளைக்கு லீவு போட்டுட்டு நானே கொண்டு விடறேன். முதல் நாள். தனியாப் போக வேண்டாம். என்ன சொல்றே?"

ஜெயபாரதி பீரோ கதவைச் சாத்தினாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். நாளைக்குக் கட்ட எடுத்துவைத்திருந்த காட்டன் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட ஹாலுக்கு நடந்தாள்.