ஒரே மேட்சிங்கில் ஒரு ரேடியோ

எங்கள் அப்பாவுக்கு, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், துணியைத் தவிர உலகத்தில் வேறு பொருள் இருப்பதாகவே நம்பிக்கை இல்லை. எதைக் கையில் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்ப்பார். கத்தரிக்காயைக்கூட அப்படித்தான் வாங்குவார். செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த மனுஷர் வேறென்ன செய்வார், பாவம். அப்படிப்பட்டவர் என் அண்ணனின் ரேடியோவுக்குச் சாமான் வாங்கப் போனார். எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது.

அண்ணன் காலேஜில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தான். அது என்ன படிப்பு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக் கேட்டு அத்தாவின் உயிரை வாங்கினார்கள். ஒருநாள் எரிச்சலில் "ரேடியோ செய்யற படிப்பு" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா? வரப்போகிற நோன்புப் பெருநாளுக்குப் பிறை அறிவிப்பை எங்கள் வீட்டில், அண்ணன் செய்த ரேடியோவில்தான் கேட்க வேண்டும் என்று தெருவையே அழைத்துவிட்டு வந்தார்.

அண்ணனிடம் "பிறைக்குள்ள அது பேசணும். பேசலைன்னு வெய்யி, படிச்சது போதும், கடையாண்ட வந்து துணி கிழி" என்றார். அத்தா சொன்னால் சொன்னதுதான். அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ரேடியோ எங்கள் வீட்டுக்குத் தலைகீழாக வந்தது. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்பதால், தபாலாபீஸில் போய் அத்தா முதலில் லைசென்ஸ் எடுத்துவிட்டார். அடுத்து பெட்டி. அது அம்மா பார்த்துப் பொறுக்கியது. உள்ளே ஒரு ஆட்டுக்குட்டி கால் நீட்டிப் படுக்கலாம். மேலே விரிக்க அம்மா பூ போட்டு ஒரு விரிப்பும் பின்னிவிட்டாள். ஸ்பீக்கர் முகத்தில் ஒட்டும் துணி மெல்லிசாக இருக்க வேண்டும் என்று அண்ணன் கெஞ்சினான். "ஜவுளிக்கடைக்காரன் வூட்டு ரேடியோவுக்குக் கொசுவலையா?" என்று அத்தா மெரூன் வெல்வெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மிச்சம் இருந்தது உள்ளே வைக்கும் சாமான்கள். அண்ணனுக்கு அப்போது பிராக்டிகல் பரீட்சை. பெருநாள் சரக்கு எடுக்க மெட்ராஸ் போன அத்தாவிடம் லிஸ்ட் எழுதிக் கொடுத்தான். அழுது அடம்பிடித்து நானும் கூடப் போனேன்.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் முதலில் ரெசிஸ்டர்களை எடுத்துப் போட்டார். வேர்க்கடலைப் பருப்பு அளவில், இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் வர்ண வர்ணமாக வளையங்கள். அத்தா ஒன்றை எடுத்து விரலில் வைத்துத் தேய்த்தார்.

"சாயம் நிக்குமா?"

"பாய், இது இன்னா லுங்கியா?" என்றார் கடைக்காரர்.

அத்தா லிஸ்டைப் படித்தார். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. படிக்கப் படிக்க அவர் முகம் கோணியது. ஒன்றுக்கொன்று கொஞ்சமும் ஒட்டாத கலர்கள். "கண்றாவி! இந்தக் கலருல பார்டர் போட்டா ஒருத்தியாவது வாங்குவாளா?"

"லிஸ்ட்ல கீறத்த வாங்கினு போ பாய். வேற எத்தயாவது எடுத்தினு போனா செட்டு பேசாது."

அத்தா என் காதருகே குனிந்தார். "விக்காத சரக்க நம்ம தலையில கட்டப் பாக்கறான். நம்ம கடையில நாம செய்யறதுதானே?" பிறகு தட்டை என் முன்னால் நகர்த்தினார். "நீ சொல்லும்மா, எது லட்சணமா கீது?"

பச்சை, நீலம், மஞ்சள் வளையம் போட்டதை நான் காட்டினேன். அதிலேயே ஒரு டஜன் கட்டச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது என் கண்ணை ரொம்ப மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொட்டலத்தைப் பிரித்த அண்ணன் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.

"பாத்தியா, எல்லாம் ஒரே மேட்சிங்கு" என்றார் அத்தா.

"ஆமா அத்தா. நல்லா கீது" என்றான் அண்ணன். அத்தா வாங்கிவந்ததைக் குறை சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

நோன்பு மாதம் முழுக்க அண்ணன் ஈயம் உருக்கிப் பற்றவைத்தான். ரேடியோ ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

இருபத்தொன்பதாம் நோன்பன்று மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மகாபலிபுரத்தில் சிப்பி, சங்குச் சாமான் கடை. வெள்ளைக்காரன் ஒருவனிடம் சங்கு விளக்கைக் கொடுத்து மாற்றிக்கொண்ட சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் பாட்டு கேட்டபடிதான் வியாபாரமே செய்வார். அண்ணன் அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான். நான் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வயதுக்காரியை யார் மதிக்கிறார்கள்?

"ஒவ்வொரு கலரும் ஒரு நம்பரு மாமா. அத்தா எல்லாம் ஒரே நம்பரா வாங்கினு வந்துட்டாரு. எப்பிடிப் பேசும்? இத்த எப்பிடி அவராண்ட சொல்றது?" அண்ணன் அழுதேவிட்டான்.

"ச்சீ, இதுக்குப் போயி!" என்ற மாமா, பையிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்துப் பெட்டியின் பின்புறமாக உள்ளே சொருகினார். "பேசாதது பேசலைன்னா, பேசறத்த வெச்சிட வேண்டியதுதான்." யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு சோழி மாலை கிடைத்தது.

நோன்பு திறந்து, தொழுகை முடிந்து, கூடம் நிறைய ஆட்கள். அண்ணன் பெட்டிக்குப் பின்னால் போய் 'கனெக்‌ஷன்' கொடுத்தான். பேசியது! வெல்வெட்டுக்கு அப்பால் யாரோ வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசுவதுபோல. "இன்னா பாய், ஆளு போர்வைக்குள்ளாற கீறானா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். பிறை தெரிந்துவிட்டது, நாளைக்குப் பெருநாள் என்று அறிவிப்பு வந்ததும் ஒரே கட்டித்தழுவல். அத்தா பூரித்துப்போய் நின்றார்.

அடுத்து ரேடியோவில் பாட்டு ஆரம்பித்தது. அதே நேரம் பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. பாங்கு சொல்லும்போது பாட்டு ஓடலாமா? அத்தா பாய்ந்துபோய் முன்பக்கக் குமிழைத் திருகினார். பாட்டு நிற்கவில்லை. இந்தப் பக்கம் திருகினார். நிற்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அத்தா விரிப்பைச் சரிசெய்வதுபோல் கையைப் பின்னால் விட்டார். கொஞ்சம் துழாவினார். விரல்கள் எதையோ தேய்த்துப் பார்ப்பது தோளின் அசைவில் தெரிந்தது. டக்கென்று பாட்டு நின்றது.

பாங்கு முடியும்வரை தலைகுனிந்து நின்றவர், பிறகு நிமிர்ந்தார். "எம் புள்ள செஞ்ச செட்டு. ஸ்விட்ச பின்னாடி வெச்சிகிறான். குழந்தைங்க கை எட்டக் கூடாதில்ல?"

அத்தா இவ்வளவு ஏமாளியா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் பிரியாணிச் சட்டிக்கு முன்னால் அவர் மாமாவைப் பார்த்து, "மச்சான், கடையில பாட்டு இல்லாம பேஜாரா கீதா?" என்று கேட்டார். மாமாவுக்குப் புரையேறியது. மாமா மேல் அத்தாவுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

துணி கிழிக்கும் பேச்சை அத்தா அப்புறம் எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் மெட்ராஸ் போய்வந்தவர் அண்ணன் மேஜையில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். அண்ணன் பிரித்தான். அவனுடைய பழைய லிஸ்ட், அதற்குள் ரெசிஸ்டர்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. ஒன்றோடு ஒன்று சேராத அதே கண்றாவிக் கலர்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்றே பார்டர் பிசகைக் கண்டுபிடிக்கும் அத்தாவுக்குக் கண் போய்விட்டது. அண்ணனும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்கலங்க உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் போய் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாதண்ணே. அடுத்த தபா நானும் கூடப் போயி நல்ல கலரா வாங்கினு வரேன்."