நாத்தனார் தட்டிய முகவரி

அலுவலகத்தில் அவளுக்குப் பூகம்பம் என்று பெயர். சிரிக்க ஆரம்பித்தால் மேசை ஆடும். எதிரில் இருப்பவரின் காப்பி தளும்பும். மூன்றாவது மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் வெப் சர்வருக்குள் பொருந்துகிற மாட்யூல்களை எழுதுவது அவள் வேலை. நாம் தட்டும் இணைய முகவரிக்குரிய பக்கத்தை எடுத்து நீட்டுவது சர்வர். அதற்குத் தெரியாத ஒரு வித்தையைக் கற்றுக்கொடுக்க அதற்குள் செருகும் சிறு துண்டுதான் மாட்யூல்.

அவள் படித்தது கணக்குத் தணிக்கை. பிடிக்காமல் இரண்டு வேலைகளை விட்டாள். மூன்றாவது இடத்தில் பொழுது போகாத ஒரு மதியம், சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வந்ததுக்கு நன்றி" என்று சேர்க்கிற மாட்யூல் ஒன்றை எழுதிப் பார்த்தாள். விடுப்பு விண்ணப்பத்தின் அடியில் அந்த வரி வந்தது. தாமதமாக வருகிறவர்களுக்கான எச்சரிக்கைக்கு அடியிலும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், அதற்கப்புறம் தணிக்கைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனைக்காக. முகவரியைத் தப்பாகத் தட்டுகிறவர்களிடம் சர்வர் "பக்கம் இல்லை" என்று கதவைச் சாத்திவிடும். அவள் மாட்யூல் சாத்த விடாது. இவர் எதைத் தேடியிருப்பார் என்று ஊகித்து அங்கே கொண்டுபோய் விடும். நூற்றுக்கணக்கான தப்புகளை அவளே யோசித்து எழுதிச் சோதித்தாள். எல்லாம் பாஸ்.

பக்கத்து மேசைக்காரர்தான் சோதனைப் பிரிவு. அவரை எல்லோரும் சந்தேகம் என்பார்கள். அவர் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், நீங்க தப்பைக்கூட ஒழுங்கா பண்றீங்க. நிஜமா தப்பா அடிக்கிற ஆள் யாராவது வேணும்."

அவளுக்கு உடனே கணவனின் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. நாத்தனார் நீச்சல் பயிற்சியாளர். ஈரக் கட்டைவிரலால்தான் செய்தி அனுப்புவாள். ஒருமுறை வெளியூர் போனவள் "சேர்ந்துட்டேன்" என்பதற்குப் பதில் "செத்துட்டேன்" என்று அனுப்ப, குடும்பமே குழம்பிப்போனது. கடைசியில் கணவன் அவளுக்கே போன் போட்டு, "அக்கா, எப்போ?" என்று கேட்டான்.

"ஆபீஸுக்கு வந்து தப்பு தப்பா டைப் பண்ணணும்கா. முடியுமா?" என்று பூகம்பம் போனில் கேட்டாள்.

"அதுக்கா என்னைக் கூப்பிடுற? நான் எங்கேம்மா தப்பா அடிக்கிறேன்?" என்றாள் நாத்தனார். ஆனால் பயிற்சி இல்லாத நாளாகப் பார்த்து, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

என்னென்ன தேட வேண்டும் என்று சந்தேகம் சொல்லிக்கொண்டே போனார். நாத்தனார் காதில் வாங்கவே இல்லை. அவளுக்குக் கொஞ்ச நாளாகக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் கண் டாக்டரைத் தேடிக் கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டினாள். ‘கண்’ணுக்கு ‘கன்’ விழுந்தது.

திரை வெளுத்தது. வெளுத்தபடியே நின்றது. சோதனை சர்வரின் விசிறி முதலில் முனகியது, அப்புறம் ஊளையிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல. சும்மா கண்ணைத்தான் தேடினேன்," என்று நாத்தனார் கையைத் தூக்கிவிட்டாள்.

பூகம்பம் ஓடிவந்து, சர்வர் செய்வதையெல்லாம் வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தாள். ஒரே வரி மறுபடி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கண் பிரிவின் பக்கம் போன வாரம்தான் வேறு முகவரிக்கு மாறியிருந்தது. அது மாட்யூலுக்குத் தெரியாது. பழைய இடத்துக்கு ஆளை அனுப்பியது. அங்கே பக்கம் இல்லை என்று சர்வர் மாட்யூலிடமே திருப்பியது. மாட்யூல் யோசித்து, கண் பிரிவாகத்தான் இருக்கும் என்று மறுபடி அங்கேயே அனுப்பியது. இரண்டும் கையைக் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தன.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, நீங்க இன்னும் உள்ளதான் சுத்திட்டு இருக்கீங்க." அவ்வளவுதான். மேசை ஆடியது, நாத்தனார் சிரித்தாள், வழக்கமாகச் சிரிக்காத சந்தேகம்கூட நாற்காலியோடு பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

பூகம்பம் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அனுப்புவதற்கு முன் பக்கம் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு ஊகம்தான், அதுவும் தவறினால் வரவேற்பறைப் பக்கம். இந்த இரண்டையும் மாட்யூலுக்குள் எழுதினாள். நாத்தனாரின் தப்புகளையெல்லாம் தனிச் சோதனையாகத் திரட்டி வைத்தாள். அதற்கு ‘நாத்தனார்’ என்றே பெயர். அதிலிருந்து யார் என்ன எழுதினாலும் சந்தேகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாத்தனார் என்ன சொல்றாங்க?" புதிதாகச் சேர்ந்த பெண் இதைக் கேட்டுவிட்டு, "மேடம், வீட்ல ரொம்பப் பிரச்சினையா?" என்று ரகசியமாக விசாரித்தாள்.

மருத்துவமனையின் நிஜ சர்வரில் மாட்யூலைச் செருகியது ஒரு காலைவேளையில். முதலாளியம்மாவும் வந்து பின்னால் நின்றுகொண்டார். லாக் சாதுவாக ஓடியது, தப்பே வரவில்லை. ஊரே திடீரென்று ஒழுங்காகத் தட்டுவதைப் பார்த்து எல்லோரும் எரிச்சலானார்கள்.

அப்புறம் ஒரு வரி வந்தது. யாரோ ‘குழந்தை’யில் பாதி எழுத்தைத் தின்றுவிட்டுத் தட்டியிருந்தார்கள். மாட்யூல் ஒரு கணம் நிதானித்து, குழந்தைகள் பிரிவில் கொண்டுபோய் விட்டது. அடுத்த வரியில் அதே ஆள் டாக்டரைப் பார்க்க நேரம் பதிந்துவிட்டார்.

"சரியான இடத்துக்குப் போய்ட்டார்," என்றார் சந்தேகம்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவித் தெருவுக்கு இறங்கிவிட்டாள். கீழ்த்தளத்தில் டயர் கடை வைத்திருந்தவர், தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்பவளைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார்.

"என்னம்மா, வீட்ல ஏதும் விசேஷமா?"

"யாரோ ஒருத்தருக்குக் குழந்தை டாக்டர் கிடைச்சுட்டார்ணே."

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதுண்ணே. யாருன்னே தெரியாது."

அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. ஒரு டயரை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க," என்றார்.