ஆளில்லாத பேச்சு

எனக்கு இத்தாலி பாஷை தெரியும். புதிதாகக் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். மகாபலிபுரம் கடற்கரையில் மீன் வறுத்துப் போடுகிற பொம்பளை, ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், இவளுக்கு இத்தாலியாம் என்று. சிரிக்கட்டும். சிரித்தவர்களை உட்கார வைத்து, பக்கத்து மேசை இத்தாலிக்காரனிடம் நான் பேசுகிற பேச்சைக் கேட்க வைத்து, கூடவே இறால் வறுவலையும் விற்று அனுப்பியிருக்கிறேன். பிரெஞ்சு, ஜெர்மன், இந்தி எல்லாம் வியாபாரத்தில் தானாகக் காதில் ஒட்டிக்கொண்டவை. இத்தாலி மட்டும் அப்படியில்லை. அதை இலக்கணத்தோடு கற்றவள் நான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகனுக்கே அது இன்னும் வாயில் நுழையவில்லை.

நான் அதைக் கற்றது எழுபதுகளில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது. அப்போது கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் போக மனசில்லாமல் எங்கள் குப்பத்தில் குடிசை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிடுவார்கள். குளிக்காதவர்கள், சடைமுடிக்காரர்கள், நாளெல்லாம் மணலில் படுத்துக் கிடப்பவர்கள் என்று பல தினுசு. எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு வந்த இத்தாலிக்காரி அந்த ரகமில்லை. காலையில் எழுந்து குளித்து, தலை சீவி, பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரி உட்கார்ந்து படிப்பாள். அவள் ஊரில் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித் தருகிறவளாம். தமிழையும் அங்கேயே புத்தகத்தில் படித்துவிட்டு, பேசிப் பழக வந்திருந்தாள்.

வந்த அன்றே அம்மாவிடம் வந்து நின்று, "அம்மணி, மீன் சமைக்கப்பட்டதா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாடி இது, ரேடியோ பொட்டி மாதிரி பேசுது?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. பஞ்சாயத்து ரேடியோவில்தான் அந்த மாதிரித் தமிழ் வரும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென எச்சரிக்கப்படுகிறார்கள் என்று. எங்கள் குப்பத்தில் அடிப்பார்கள், அடி வாங்குவார்கள். யாரும் அடிக்கப்பட்டதில்லை.

நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் எனக்கு இத்தாலி, நான் அவளுக்கு எங்கள் தமிழ் என்று ஏற்பாடு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே பேசி முடித்தேன். அந்த வயதிலேயே எனக்கு வியாபார மூளை.

ஆனால் முதல் பாடமே வீட்டில் ரகளையானது. அம்மா நெத்திலிக் குழம்பு கொடுத்து, "நல்லா கீதா?" என்று கேட்டாள். அக்கா வாய் நிறையச் சோற்றோடு, "சீ! சீ!" என்றாள்.

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "வாயில போட்டுகினே சீச்சீன்றா பாரு! புடிக்கலன்னா துப்பேன், யாரு கெஞ்சுனா?"

அவர்கள் பாஷையில் 'சீ' என்றால் 'ஆமாம்' என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வதற்குள் குழம்புச் சட்டி உள்ளே போய்விட்டது.

அடுத்து, அக்கா ரேடியோத் தமிழுக்குச் சரியான இத்தாலியைச் சொல்லித் தந்தாள். "இல் பேஷே ஏ மாஞ்சாத்தோ தல் காத்தோ." பேஷே என்றால் மீன், அது தெரியும். காத்தோ என்றதும் நான் முந்திக்கொண்டு, மீன் காத்தால தின்னப்பட்டது என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "காத்து எங்கடி மீன் துன்னும்? அவளுக்குத்தான் மர கழண்டுகீதுன்னா உனுக்குமா?" என்றாள் அம்மா. காத்தோ என்றால் பூனையாம்.

அக்கா சொன்ன ஒரு விஷயம் மட்டும் என் மனதில் நன்றாகப் பதிந்தது. இந்த மாதிரி வாக்கியம் வந்தால் உடனே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "தா கீ?" யாரால்? எங்கள் ஊரில் 'கீது' என்றால் இருக்கிறது. அவர்கள் ஊரில் 'கீ' என்றால் யார். தின்னப்பட்டதா, தா கீ? உடைக்கப்பட்டதா, தா கீ? ஆளைப் பிடித்துவிட்டால் வாக்கியம் முழுசாகிவிடும்.

அதற்கு மேல் வந்ததுதான் கஷ்டம். "சி மாஞ்சா" என்றாள். இந்த 'சி' ஆமாம் இல்லையாம், வேறு 'சி'யாம். சாப்பிடுகிறது என்று அர்த்தம். யார் சாப்பிடுகிறது என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். யாருமே சாப்பிடவில்லையா? இல்லை, எல்லாரும் என்றாள். நானா? நீயும். அப்போ நீயா? நான் என்று இல்லை. அவள் மணலில் மனித உருவம் வரைந்து அழித்துக் காட்டினாள். ஆள் போய்விட்டான், சாப்பிடுவது மட்டும் நிற்கிறது என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. என்னால் முடியாத ஒரு விஷயம் இருப்பது அப்போதும் எனக்குப் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது.

விடை எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது.

அந்தச் சமயம் அம்மாவும் நைனாவும் பேசிக்கொள்வதில்லை. நைனா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா அவர் கொண்டுவரும் மீனைக் கூடையில் வைத்துத் திருக்கழுக்குன்றம் வரை போய் விற்பவள். இரண்டு பேருக்கும் வாய் நீளம். பேசாமல் இருந்ததற்குக் காரணம் என் மாமன் கல்யாணம். அம்மாவின் தம்பியான அவர் கோவளத்திலிருந்து பத்திரிகை வைக்க வந்தவர், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த எல்லாரையும் பார்த்துப் பொதுவாக, "வெள்ளிக்கெழம கல்யாணம் வெச்சிகீது, எல்லாரும் வந்துடணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார். அந்த எல்லாரில் நைனாவும் இருந்தார்.

"எல்லாரும்னா யாரு? வரணும்னா யாரு வரணும்?" என்று நைனா வீட்டுக்கு வந்து குதித்தார். "மாமா, நீ வந்து முன்ன நில்லுன்னு வூடு ஏறி வந்து கூப்டக்கூடாதா? நான் இன்னா கூட்டமா?"

அம்மா தம்பிக்குப் பரிந்து பேசினாள். நைனா கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். வந்த நாளிலிருந்து அவர்கள் பேச்சில் 'நீ' இல்லை, 'நான்' இல்லை. பேசாமல் குடும்பம் நடக்காதே. அதனால் சட்டியைப் பார்த்தும் கூரையைப் பார்த்தும் பேசினார்கள்.

"சோறு ஆயிடுச்சி. துன்றவங்க துன்னலாம்" என்பாள் அம்மா அடுப்பைப் பார்த்து.

"தண்ணி வெச்சா குடிக்கலாம்" என்பார் நைனா கதவைப் பார்த்து.

ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சட்டென்று வெளிச்சம் அடித்தது. துன்றவங்க துன்னலாம்! யாரும் இல்லை, ஆனால் தின்கிறது. எழுந்து அக்காவின் கொட்டகைக்கு ஓடினேன். "அக்கா, சி மாஞ்சா எங்க வூட்ல கீது! எங்க அம்மா நாள் பூரா அதான் பேசுது!"

அக்கா வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தமிழ் ஜனங்கள் வீட்டில் பேசுகிற முறை இதுதான் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். மறுநாள் பெட்டிக்கடைக்குப் போய்க் கடைக்காரரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து, "தீப்பெட்டி குடுக்கறவங்க குடுக்கலாம்" என்றிருக்கிறாள். கடைக்காரர் பதறிப்போய் நைனாவிடம் வந்தார். "அண்ணாத்த, வெள்ளக்காரம்மா எங்கூட கோச்சிகினு கீது. சத்தியமா நான் ஒண்ணும் பண்ல."

நைனா சிரித்த சிரிப்பு அடுப்படிவரை கேட்டது. அம்மாவும் உள்ளே சிரித்தாள். ஆனால் தனித்தனியாகச் சிரித்தார்கள்.

அப்புறம் கார்த்திகை மாதத்தில் வானம் மூடிக்கொண்டது. பஞ்சாயத்து ரேடியோ காலையிலிருந்து கத்தியது. புயல் சின்னம், மீனவர்கள் எச்சரிக்கப்படுகிறார்கள். கரையில் எல்லாரும் கட்டுமரங்களை மேலே ஏற்றிவிட்டார்கள். அலை அலையாக இல்லை, சுவராக வந்துகொண்டிருந்தது. நைனா மட்டும் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அம்மா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் திரிந்த கோழியைப் பார்த்து, "கடலுக்குப் போவ வாணாமாம்" என்றாள்.

நைனாவும் கோழியைப் பார்த்தார். "யாராம்?"

அம்மா அடுத்த மத்தியை எடுத்தாள். நைனா இறங்கிக் கரைக்கு நடந்தார்.

அம்மாவின் கையில் கத்தி ஓடவில்லை. "ஏ பொண்ணே, ஓடு. உன் நைனா கைல போயி சொல்லு, போவ வாணாம்னு சொல்றாங்கோன்னு."

ஓடினேன். நைனா கட்டுமரத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். மேலே நின்றவர்கள் வேண்டாம் மச்சான் என்று கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சொன்னதை மட்டும் கேட்டார்.

"யாரு சொல்றாங்கோ?"

"ரேடியோல."

"ரேடியோவையா நான் கட்டிகினேன்? போ. யாரு சொல்றாங்கன்னு கேட்டுகினு வா."

திரும்ப ஓடி வந்தேன். அம்மா, "ஊரே சொல்லுதுன்னு சொல்லு" என்றாள். மறுபடி கரைக்கு ஓடினேன். "ஊருக்கு இன்னா, அது சொல்லும். போய் சரியா கேளு" என்றார் நைனா, கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டியபடி.

வழியில்தான் எனக்குப் பிடிபட்டது. இது பாடத்தில் வந்த கேள்வி! மூச்சு வாங்க அம்மா முன்னால் போய் நின்றேன். "அம்மா, தா கீன்னு கேக்குது நைனா! யாராலன்னு கேக்குது! ஆளு இல்லாம சொன்னா ஒத்துக்காதும்மா!"

அம்மா கையிலிருந்த மீனையே திருப்பித் திருப்பிப் போட்டாள். கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாக வந்து, தன் புத்தகத் தமிழில் சொன்னாள்.

"அம்மணி. உங்களால் சொல்லப்பட வேண்டும்."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம் அடிக்கப் போகிறாளோ என்று பயந்தேன். பிறகு எழுந்தாள். செதில் ஒட்டின கையைப் புடவையில் துடைத்தபடியே ஓட ஆரம்பித்தாள். நானும் அக்காவும் பின்னால் ஓடினோம்.

நாங்கள் போவதற்குள் நைனா முதல் அலையைத் தாண்டிவிட்டார். இரண்டாவது அலை கட்டுமரத்தை நிமிர்த்திப் போட்டது. அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, "யோவ்! யோவ்!" என்று கத்தினாள். காற்று அதை அவள் வாயிலேயே திருப்பி அடித்தது. குப்பத்தில் எல்லாப் பொம்பளைகளும் புருஷனைக் கூப்பிடுவது யோவ் என்றுதான். அதில் எந்த யோவ் என்று கடலுக்கு எப்படித் தெரியும்?

அப்போது அம்மா நைனாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவள் வாயால் அந்தப் பேரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அதனால் நானும் அதை இங்கே எழுத மாட்டேன்.

"நான் சொல்றேன்யா! நானு! நீ போவாத!"

நைனாவின் துடுப்பு நின்றது. கட்டுமரம் திரும்பியது.

கரையில் நின்ற ஆம்பளைகள் விசில் அடித்தார்கள். "இன்னா அண்ணாத்த, அண்ணி பேரு சொல்லி ஏலம் உட்டுடுச்சே!" என்றார் ஒருவர். "இனிமே நீ சுண்டுவிரல அசைச்சாலும் கோர்ட்டு டவாலி மாதிரி பேரு சொல்லிக் கூவும்" என்றார் இன்னொருவர். நைனா சிரித்தபடி கரையேறினார். அம்மா யாரையும் பார்க்காமல் ஈரப்புடவையோடு முன்னால் நடந்தாள்.

புயல் வரவில்லை. ஆந்திரா பக்கம் போய்விட்டதாக ரேடியோ சொன்னது. சாயங்காலம் வெயில் அடித்தது, கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது. ஒருநாள் மீன்பாடு வீணாகப் போயிற்றே, நைனா அம்மாவைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ கால் நீட்டி உட்கார்ந்து, "ஏ, கொழம்பு இருந்தா போடு நீ" என்றார்.

"மொதல்ல நீ கையக் கழுவிகினு வாய்யா" என்றாள் அம்மா.

கொஞ்ச நாளில் என் மாமனும் புதுப்பெண்ணோடு வீடு ஏறி வந்து, "மாமா, நீ வரணும்" என்று விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனார். இதெல்லாம் என் இத்தாலி இலக்கணத்தால் நடந்தது என்றுதான் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். இதை மறுத்துப் பேச யாரும் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றியபோது சாமான்களைத் தூக்கி வரும் வேலை எனக்கு. துடுப்பு இருந்தது. வேறு எதுவும் இல்லை. வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை, மீன் போடுகிற பறியும் இல்லை. எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் மடித்தது மடித்தபடி கிடந்தன. நைனா சாப்பிட்டுப் படுத்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் இதை ரகசியமாகச் சொன்னேன்.

"அம்மா, நைனா வலைய மறந்துட்டு கடலுக்குப் போயிகீது."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

"அழாதம்மா," என்றேன். "நாளைக்கு நான் ஞாபகமா எடுத்துக் குடுக்கறேன்."