கோலுக்கு முன்னால் ஒரு பந்தல்கால்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்த விசேஷத்தையும் ஒரே ஒரு முறையில்தான் நடத்தத் தெரியும். அது கல்யாண முறை. கடை திறப்பாகட்டும், காதுகுத்தாகட்டும், போர் போட்டுத் தண்ணீர் வந்ததாகட்டும், எல்லாவற்றுக்கும் அதே பந்தல், அதே மைக்செட், அதே பொங்கல் வடை. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டி ஹாக்கி லீக் தொடங்கலாம் என்று முடிவெடுத்த அன்றே, அதுவும் கல்யாணமாகத்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரியாமல் போவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் என் பள்ளித் தோழன். ராஜபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறான். இரண்டாவது ஆள் ஒரு விளையாட்டு டீச்சர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை வ. புதுப்பட்டியில் ஒரு பள்ளியில். எங்கள் மூவரில் ஹாக்கி தெரிந்தவர் அவர் மட்டும்தான். செயலாளர் நான். பள்ளி நாட்களில் நான் அணியின் மாற்று கோல்கீப்பராக இருந்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறைய இடத்தை அடைப்பேன் என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே திறமை. அந்தத் திறமை அன்றைவிட இன்றைக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது.

முதல் மூன்று கூட்டங்களும் லீக்கின் பெயரில் எந்த ஊர் முன்னால் வருவது என்பதிலேயே போயின. "ஏலே, மில்லு எங்க ஊருல, மாங்கா எங்க ஊருல, நாயே எங்க ஊரு நாய்தான் பேர்போனது" என்றான் தலைவர். "கோபுரம் எங்க ஊர்ல சார், அத அண்ணாந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றார் டீச்சர். கடைசியில் இரண்டு பேனர் அடித்தோம். ராஜபாளையத்தில் கட்டியதில் ராஜபாளையம் முன்னால். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டியதில் ஸ்ரீவில்லிபுத்தூர் முன்னால். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூட மைதானம் கிடைத்தது. ஞாயிறு காலை பத்து மணி வரைதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் ஏதோ தேர்வு.

தொடக்க ஆட்டம் புதுப்பட்டிப் பெண் பிள்ளைகளுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் பிள்ளைகளுக்கும். இதில்தான் டீச்சரின் உயிர் இருந்தது. ஒரு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி, "ராத்திரி ஆகாது, நானே கூட்டிட்டுப் போயி நானே கொண்டாந்து விடுதேன்" என்று சொல்லிச் சொல்லி புதுப்பட்டி அணியைச் சேர்த்திருந்தார். அதில் நன்றாக ஆடுகிறவள் சென்டர் ஃபார்வேர்டு பெண். அவளுடைய அப்பா சொந்தமாக வயல் வைத்திருக்கிறவர், பேச்சுக்கு ஊரில் மதிப்பு உள்ளவர். அவர் டீச்சரிடம் ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார்: "ஒரு ஆட்டம் வந்து பாக்கேன். சரியாப் பட்டா அனுப்புதேன். இல்லன்னா மட்டைய வாங்கிட்டுப் போயிருங்க." அவர் பிள்ளையை நிறுத்தினால் மற்ற வீடுகளும் நிறுத்தும். புதுப்பட்டி அணி அதோடு முடிந்தது.

இப்போது பந்தல்கால்.

விழாவுக்கு முந்தின வாரம் தலைவர் போன் செய்தான். "நாளைக்கு நல்ல நாளு. கால் நாட்டிருவோம்."

"ஹாக்கிக்கு எதுக்குலே கால்?"

"கால் நாட்டாம எங்க வீட்டுல ஒரு காரியமும் நடந்தது கெடையாது. அடுத்த மாசம் எம் மகளுக்குக் கல்யாணம் வேற இருக்கு. நீ வந்து கம்பப் புடி, போதும்."

போனேன், பிடித்தேன். பந்தல்காரர் மூங்கிலுக்கு மஞ்சள் தடவி, நுனியில் மாவிலை கட்டி, நவதானிய முடிச்சு போட்டு, மைதானத்தின் ஈசானிய மூலையில் குழி தோண்டி நட்டார். பால் ஊற்றினோம். சூடம் காட்டினோம். பந்தலை மட்டும் எதிர்ப் பக்கத்தில் வேப்பமர நிழலில் போடுவதாக ஏற்பாடு. கம்பு அங்கே தனியாக, கல்யாண வீட்டில் வழி தவறிய மாப்பிள்ளை போல நின்றது. அன்று சாயங்காலம் டீச்சர் போனில் கேட்டார், "கம்பு எங்க சார் இருக்கு?" நான், "ஓரமாத்தான் டீச்சர் இருக்கு" என்றேன். பொய் இல்லை. கோடு போடாத வரைக்கும் மைதானத்தில் எல்லாமே ஓரம்தான்.

ஞாயிறு விடிந்து நான் பொங்கல் அண்டாக்களோடு போய் இறங்கியபோது டீச்சர் சுண்ணாம்புப் பொடி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். மைதானத்தின் ஒரு பக்கம் கிரிக்கெட்டுக்காக சிமெண்ட் பிட்ச் போட்டிருந்தார்கள். அதைத் தவிர்க்க ஹாக்கிக் கோடுகளை மறுபக்கம் தள்ளிப் போட்டிருந்தார். கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு வரும். அதை 'டி' என்போம். அதற்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்த டிக்கு உள்ளே, கோலுக்கு நேர் எதிரே, மாவிலையும் மஞ்சளுமாக நம் பந்தல்கால்.

"சார்," என்றார் டீச்சர், "என் டிக்குள்ள ஒரு கல்யாணம் நடக்குது."

"புடுங்கிருவோம் டீச்சர்."

அதுவரை பந்தலில் துணி கட்டிக்கொண்டிருந்த பந்தல்காரர் ஏணியிலிருந்தே கத்தினார். "யாரு அது புடுங்குறதப் பத்திப் பேசுறது? நட்ட கால விசேஷம் முடியுறதுக்கு முன்னால புடுங்குனேன்னு வெளியில தெரிஞ்சா, நாளைக்கு எவன்யா எனக்கு பந்தல் வேலை குடுப்பான்?"

தலைவர் பக்கம் திரும்பினேன். அவன் முகம் வெளுத்திருந்தது. "தேவுடா..." என்றான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பயம் வந்தால் தமிழ் மறந்துவிடும். "அந்தக் கம்ப நானும் புடிச்சிருக்கேன்லே. எம் மக கல்யாணத்துக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

கோடுகளை நகர்த்தலாமா என்றால் சிமெண்ட் இடிக்கும். கம்பைச் சுற்றி மெத்தை கட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். டீச்சர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை திட்டுவதைவிட உறைக்கும். அந்த நேரம் பார்த்து கேட்டுக்கு வெளியே புதுப்பட்டி வேன் வந்து நின்றது.

டீச்சர் நேராக ஏணியடிக்குப் போனார். "அண்ணே, விசேஷம் எப்ப முடிஞ்சதா கணக்கு?"

"பந்தி முடிஞ்சா முடிஞ்சுது. கடைசி ஆள் கை கழுவணும். அம்புட்டுதான்."

"அப்ப இப்பவே பந்தியப் போடுங்க."

அதாவது தொடக்க விழாவை முதலில் முடித்துவிடுவது. அப்புறம் ஆட்டத்தைத் தொடங்குவது. இந்த யோசனை எனக்கு வரவில்லையே என்று வருத்தப்படக்கூட நேரம் இல்லை. நான் ஒரு வாரமாக வரவேற்புரை தயாரித்து, வீட்டுக் கண்ணாடி முன் நின்று கையை எந்த இடத்தில் உயர்த்துவது என்பது வரை பழகியிருந்தேன். மைக்கைப் பிடித்து, "வந்தவிய எல்லாருக்கும் வணக்கம், நன்றி, எல்லாரும் சாப்பிட வாங்க" என்று சொல்லி இறங்கினேன். கை உயர்ந்தது, பந்தியைக் காட்டுவதற்காக. நான் பேசியதிலேயே இதுதான் நல்ல பேச்சு என்று தலைவர் இன்றைக்கும் சொல்கிறான்.

பந்தி பறந்தது. பெற்றவர்கள், மைக்செட்காரர், வேன் டிரைவர் என்று எல்லோரும் சாப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு வாய் கேசரியோடு நிறுத்தினார் டீச்சர். நானே வாளி தூக்கிப் பரிமாறி, நானும் நின்றபடி விழுங்கி, கை கழுவிவிட்டு ஓடினேன். "எடுங்க அண்ணே கம்ப."

பந்தல்காரர் கண்ணால் கேட்டைக் காட்டினார். "அங்க ஒருத்தர் நிக்காரே. அவரு சாப்பிட்டாரா?"

வேனில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சென்டர் ஃபார்வேர்டின் அப்பா நின்றிருந்தார்.

போனேன். "அண்ணாச்சி, ஒரு வாய் சாப்பிட வாங்க."

"இருக்கட்டும் தம்பி."

"பொங்கல் சூடா இருக்கு அண்ணாச்சி."

"ஆட்டம் பாக்க வந்தேன், கை நனைக்க வரல" என்றார். "பொண்ணு பாக்கப் போற எடத்துல, சம்மதம்னு சொல்லாம எவனாவது கை நனைப்பானா? பாத்துட்டுத்தான் சொல்லுவேன். பொறவு சாப்பிடுதேன்."

நியாயம். எங்கள் பக்கத்தில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. ஒரு வீட்டில் சாப்பிட்டால் அந்த வீட்டோடு ஒத்துப்போனதாக அர்த்தம். ஆக நிலைமை இப்படி ஆனது: அவர் ஆட்டம் பார்க்காமல் சாப்பிடமாட்டார். அவர் சாப்பிடாமல் பந்தல்காரர் கம்பை எடுக்கமாட்டார். கம்பை எடுக்காமல் ஆட்டம் கிடையாது. விசேஷத்தைக் கல்யாணம் மாதிரி நடத்தினோம். சம்பந்தி கோபமும் தானாக வந்து சேர்ந்துவிட்டது.

டீச்சரிடம் வந்து சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார். பத்து மணிக்குத் தேர்வுக்காரர்கள் வந்துவிடுவார்கள். "இன்னைக்கு இவிய ஆடாம வேன்ல ஏறுனாங்கன்னா, அந்தத் தெருப்பக்கம் இனிமே நான் போகவே முடியாது சார்" என்றார். உடனே விசிலை எடுத்து ஊதினார். "பிள்ளைகளா, சும்மா நிக்காதீங்க! வார்ம் அப்!"

பிள்ளைகள் வரிசையாக நின்று டிக்குள் பந்தை அடிக்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் அடித்தது அங்கே இங்கே போயிற்று. சென்டர் ஃபார்வேர்டு அடித்தது மட்டும் சொல்லி வைத்தது போல நேராகப் போனது. நேராகப் போனதால் நேராகக் கம்பில் மோதியது. மாவிலை அசைந்தது. இரண்டாவதும் கம்பில். மூன்றாவதும் கம்பில். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கை தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஏட்டி, புது கோல்கீப்பரு யாருட்டி? மஞ்சத் தேச்சுக் குளிச்சிட்டு வந்திருக்கு!" எனக்கே உள்ளுக்குள் குறுகுறுத்தது. நான் பள்ளிக்காலம் முழுக்கக் காத்த கோல்களைவிட அந்த மூங்கில் கால்மணி நேரத்தில் அதிகம் காத்துவிட்டது.

நான்காவது அடியும் கம்பில் பட்டபோது கேட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம். "யோவ்! அந்தக் கம்ப எடுங்கய்யா! எம்பிள்ள அடிக்கதெல்லாம் அதுல போயி இடிக்குது, இவிய என்னடான்னா பல்லக் காட்டுதாவ!"

கைகட்டு அவிழ்ந்திருந்தது. வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"எடுக்கலாம் அண்ணாச்சி," என்றேன் மிகவும் பணிவாக, "நீங்க சாப்பிட்டா."

பந்தல்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அண்ணாச்சி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி மகளைப் பார்த்தார். அவள் மட்டையை ஊன்றிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி கம்பை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கய்யா எலை?"

இலை போட்டோம். அவசரம் என்பது எங்களுக்குத்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் நிதானமாகத் தண்ணீர் தெளித்து, பொங்கலில் குழி பறித்து, "சாம்பார் இல்லயா?" என்றார். தலைவர் சாம்பார் வாளிக்கு ஓடினான். மண்டியில் லாரி வந்தால்கூட அவன் ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டு ஊர்ப் பெற்றவர்களும் நாங்களும் சுற்றி நின்று ஒரு மனிதர் வடை சாப்பிடுவதைக் கண்கொட்டாமல் பார்த்தோம். எந்த விளையாட்டுக்கும் அவ்வளவு அமைதியான கூட்டத்தை நான் கண்டதில்லை. கடைசியாக இலையை மடித்தார், எழுந்தார், கை கழுவினார். கைதட்டல் எழுந்தது. பந்தல்காரர் கம்புக்குச் சூடம் காட்டி ஒரே இழுப்பில் பிடுங்கினார். குழியில் மண்ணைத் தள்ளி நான் காலால் மிதித்தேன். சரியாகத்தான் மிதித்தேன் என்று நினைத்தேன்.

டீச்சர் ஒரு அணியின் ஆள் என்பதால் ஆட்டத்துக்கு அம்பயர் நான். நேரம் குறைவு என்பதால் அரைமணி நேர ஆட்டம். பிள்ளைகள் பிரமாதமாக ஆடினார்கள். கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது அந்தப் பெண் பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி டிக்குள் நுழைந்தாள். அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில் நானும் பின்னால் ஓடினேன். என் வலது கால் பந்தல்கால் குழிக்குள் கணுக்கால் வரை இறங்கியது. நான் விழுந்தேன். வாயில் விசில் இருந்தது. விழுகிறவன் மூச்சு வெளியே வரத்தானே செய்யும். விசில் ஊதியது. அடுத்த நொடியில் பந்து கோலுக்குள் போய்ச் சேர்ந்தது.

விசில் ஊதினால் ஆட்டம் நின்றதாக விதி. கோல் செல்லாது. ஆட்டம் சமன்.

அண்ணாச்சி வந்த வேகத்தில் நான் எழுந்திருக்காமல் படுத்திருப்பதே நல்லது என்று முடிவு செய்தேன். "எய்யா, நீரு அம்பயரா, இல்ல அந்தக் கம்போட தம்பியா? கண்ணு முன்னால கோலு! பிள்ள எம்புட்டுத் தூரம் கொண்டு வந்து போட்டுச்சு! உம்ம மூச்சு முட்டுனதுக்கு எம்பிள்ள கோலு போணுமா?" பொங்கல் தெம்பு குரலில் நன்றாகத் தெரிந்தது. எனக்குத் தெரியாத உறவுமுறைகளையெல்லாம் சொல்லித் திட்டினார். பிள்ளைகளை வேனில் ஏற்றும் வரை நிறுத்தவில்லை. ஏறும்போது டீச்சரிடம் திரும்பிக் கேட்டார், "அடுத்த ஆட்டத்துக்கும் இந்த ஆளுதான் ஊதுவாரா?"

டீச்சர் முழங்கையில் மண்ணோடு நின்ற என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா சார்?" என்றார் மெல்ல. "அடுத்த ஆட்டம்னுட்டாரு."

லீக் நடக்கிறது. ஞாயிறு தோறும் வேனுக்கு முன்னால் அண்ணாச்சியின் பைக் வந்துவிடுகிறது. இப்போது பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். தலைவரின் மகள் கல்யாணமும் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. அங்கே நட்ட கால் யார் வழியிலும் நிற்கவில்லை. என்னை அம்பயர் வேலையிலிருந்து தூக்கிப் பொங்கல் வாளியோடு நிறுத்திவிட்டார்கள். இலை போடும்போதெல்லாம் அண்ணாச்சி கேட்கிறார், "அது கோலுதான? ஒத்துக்கிடும்." "விதிப்படி இல்ல அண்ணாச்சி" என்கிறேன். அது கோல்தான். நூற்றுக்கு நூறு கோல். ஆனால் ஒத்துக்கொண்டுவிட்டால், திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் அவர் ஒரு ஞாயிறு வராமல் இருந்துவிட்டால்?

"இன்னும் ரெண்டு வடை வைக்கவா அண்ணாச்சி?"